ஆசைக்கு ஓர் அளவு: வீட்டு பட்ஜெட்டும் சமணர் இல்லறமும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் தில்லியில் பேச்செல்லாம் பட்ஜெட்தான். அந்தப் பட்ஜெட்டுக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு பழையது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று இந்தத் தில்லி மாநகரில் படித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். அவருக்குப் பின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, சி.சுப்பிரமணியம், ஆர்.வெங்கட்ராமன், ப.சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று நம்மவர் வரிசை நீளமானது. நாட்டுக்கே பட்ஜெட் போட்டுக் கொடுத்த இனம் நாம். ஆனால் "வீட்டுக்கு பட்ஜெட் போடுகிறீர்களா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். மீதி இரண்டு பேர், "போட்டேன் சார், மூணு மாசம்கூட நிக்கல" என்கிறார்கள்.

சண்முகம் செட்டியார் படித்த அந்த முதல் பட்ஜெட்டிலேயே வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. துண்டு விழுந்தது. அரசாங்கத்துக்குத் துண்டு விழுந்தால் கடன்பத்திரம் வெளியிடலாம், வரியைக் கூட்டலாம். நம் வீட்டில் துண்டு விழுந்தால் என்ன செய்வது? அதனால் அரசாங்கத்தைவிட நமக்குத்தான் பட்ஜெட் அதிகம் தேவை. அது ஏன் நிற்பதில்லை, நிற்க வைக்க நம் முன்னோர் ஏதாவது வழி சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு வேறு, வரம்பு வேறு

நான் வியாபாரி. பழைய தில்லிக் கடைக்காரர்கள் தீபாவளி அன்று புதுக்கணக்கு போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்புத் துணி போர்த்திய அந்தப் புத்தகத்தை இங்கே 'பஹி' என்பார்கள். அன்றாடம் வந்த பணம், போன பணம் எழுதுவது ரோக்கட் பஹி. யார் யார் நமக்குத் தரவேண்டும், நாம் யாருக்குத் தரவேண்டும் என்று பேர்வாரியாக எழுதுவது காத்தா பஹி. 2019 ஜூலையில் நிதியமைச்சர் பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணி சுற்றிய கட்டோடு நாடாளுமன்றத்துக்கு வந்தாரே, அது இந்தப் பழக்கத்தை நினைவூட்டத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு பஹியும் நடந்து முடிந்ததை எழுதும் புத்தகங்கள். கடையைக் காப்பாற்றுவது அவை மட்டும் அல்ல. "இந்த சீஸனுக்கு இவ்வளவுக்குத்தான் சரக்கு எடுப்பேன், இன்னாருக்கு இவ்வளவுக்கு மேல் உதார் கிடையாது" என்று முதலாளி சரக்கு வருவதற்கு முன்னாலேயே மனதில் போட்டு வைக்கும் வரம்புதான் கடையைக் காப்பாற்றுகிறது. கணக்கு பின்னால் வருவது. வரம்பு முன்னால் நிற்பது.

நம் வீடுகளில் கணக்கு எழுதுபவர்கள் நிறைய பேர் உண்டு. டைரியில் பால், பேப்பர், காய்கறி எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவா?" என்று மலைத்துவிட்டு, அடுத்த மாசமும் அதையேதான் எழுதுவார்கள். போன பணத்துக்கு எழுதும் வரலாறு அது. பட்ஜெட் என்பது இன்னும் போகாத பணத்துக்குக் கட்டும் கரை.

இங்கே ஏன் அவசியம்?

ஊரில் எழுதாத பட்ஜெட் ஒன்று இருந்தது. அறுப்பு முடிந்ததும் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விதைநெல் தனியாக இருக்கும். எந்தப் பஞ்சத்திலும் அதில் கை வைக்க மாட்டார்கள். தட்டுப்பாடு வந்தால் பக்கத்துத் தெருவில் சித்தப்பா இருப்பார், கைமாற்று கிடைக்கும். கரோல்பாகிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விகாரிலும் இருக்கிற நமக்குக் குதிரும் இல்லை, பக்கத்துத் தெருவில் சித்தப்பாவும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னால் நம் கையிருப்பு மட்டும்தான் நமக்குச் சொந்தக்காரன்.

இரண்டாவது காரணம் பென்ஷன். தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பலவும் மத்திய அரசு வேலையை நம்பி வந்தவை. அப்பாவுக்குச் சம்பளம் குறைவாக இருந்தாலும் ஓய்வுக்குப் பின் நிச்சயமான பென்ஷன் இருந்தது. 2004 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு (முப்படையினர் நீங்கலாக) அந்தப் பழைய முறை இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி வந்திருக்கிறது. ஆனால் குர்காவிலும் நொய்டாவிலும் தனியார் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. அப்பா செலவழித்த தைரியத்தோடு பிள்ளையும் செலவழித்தால் அறுபது வயதில் யார் தாங்குவது?

மூன்றாவது காரணம், செலவு இடம் மாறிவிட்டது. ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-இல் ஒரு விதி சொன்னார்: வருமானம் கூடக்கூட, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புற இந்தியாவில் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் சுமார் 48 விழுக்காடு. 2023-24-இல் சுமார் 40 விழுக்காடு. அந்தக் காலத்து மாமியார்கள் எண்ணெயிலும் பருப்பிலும் மிச்சம் பிடித்தார்கள் என்றால், பாதிப் பணம் அங்கேதான் இருந்தது. இன்று பெரிய ஓட்டை அடுக்களைக்கு வெளியே இருக்கிறது. இன்னமும் புளியையும் மிளகாயையும் எண்ணிக்கொண்டிருந்தால் வீட்டுப் பெண்களுக்கு மனவருத்தம்தான் மிச்சம்.

போதாக்குறைக்கு, 2016-இல் யூ.பி.ஐ. வந்தது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு ரூபாய் நோட்டைப் பிரிக்கும்போது கை கொஞ்சம் தயங்குமே, அந்தத் தயக்கம் போய்விட்டது. பர்ஸ் மெலிவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய நூல் சொல்லும் பட்ஜெட்

சமணர் என்றால் மார்வாடிகள் என்று மட்டும் நினைக்கும் அன்பர்கள் தில்லியில் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி, பெரும்பாலும் உழவுத் தொழில் செய்து வந்த தமிழ்ச் சமணர்களும் இருக்கிறோம். எங்கள் இல்லறத்தாருக்கு, அதாவது சிராவகருக்கு, வழிகாட்டும் நூல்களில் முக்கியமானது சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம். அதைத் தழுவித் தமிழில் ஈரடிச் செய்யுள்களால் ஆன அருங்கலச் செப்பு என்னும் நூலும் உண்டு. மதநூல் என்று ஒதுக்காமல், வீட்டுக் கணக்கு தெரிந்தவர் எழுதிய நூல் என்று எண்ணிப் படித்துப் பாருங்கள். வியப்பாக இருக்கும்.

துறவிக்குப் பொருளே கூடாது. இல்லறத்தானுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. அதனால் அவனுக்கு விதித்தது, பணம், தானியம் முதலியவற்றுக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் விருப்பம் கொள்ளாமல் இருப்பது. இதற்குப் பரிக்கிரகப் பரிமாணம் என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு: இச்சா பரிமாணம். இச்சை என்றால் ஆசை, பரிமாணம் என்றால் அளவு. அளக்க வேண்டியது முதலில் பணத்தை அல்ல, ஆசையை என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் பட்ஜெட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடையாது.

அடுத்து, அனுபவிக்கும் பொருள்களுக்கு அளவு வைப்பது. போகோபபோகப் பரிமாணம் என்பார்கள். ஒரு தடவை அனுபவித்ததும் தீர்ந்துபோவது போகம். சோறு, பூ, சந்தனம் போல. திரும்பத் திரும்ப அனுபவிப்பது உபபோகம். துணிமணி, நகை போல. இந்தப் பாகுபாடு வீட்டு பட்ஜெட்டுக்கு மிகவும் உபயோகமானது. ஏனென்றால், ஒவ்வொரு உபபோகமும் தன் பின்னால் போகச் செலவுகளை இழுத்துக்கொண்டு வரும். ஏ.சி. வாங்குவது ஒரு நாள் செலவு. கரண்ட் பில்லும் சர்வீஸும் வருஷா வருஷம். கார் வாங்குவது ஒரு நாள். பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங் தினம் தினம். கடையில் விலை மட்டும் கேட்கிறோம்; "வீட்டுக்கு வந்த பிறகு மாசம் எவ்வளவு சாப்பிடும்?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

எதற்கெல்லாம் அளவு வைக்க வேண்டும் என்று சமந்தபத்திரர் ஒரு பட்டியலே தருகிறார்: உணவு, வாகனம், படுக்கை, குளியல், உடம்பில் பூசும் வாசனைப் பொருள், பூ, தாம்பூலம், ஆடை, அணிகலன், காம இன்பம், வாத்திய இசை, பாட்டு. பேரை மட்டும் மாற்றிப் பாருங்கள். படுக்கை என்ற இடத்தில் வீட்டு வாடகையும் குளிர்கால ரஜாயும். குளியல் என்ற இடத்தில் கீஸர். தாம்பூலம் என்பது வெளியில் குடிக்கும் டீயும் தின்னும் சமோசாவும். வாத்தியமும் பாட்டும் இன்றைக்கு மொபைல் ரீசார்ஜும் ஓ.டி.டி. சந்தாவும். பட்ஜெட் தலைப்புகள் நமக்கு என்றைக்கோ எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன.

ஒரு மாதிரிக் கணக்கு

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் மாதம் 80,000 ரூபாய், கணவன், மனைவி, ஒரு பிள்ளை, வாடகை வீடு. முதல் வேலை, மாதச் செலவை எழுதுவது அல்ல. வருஷச் செலவை எழுதுவது. தில்லியில் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஏப்ரலில் பள்ளிக் கட்டணம், மே மாசம் ஊர்ப் பயணம், அக்டோபர், நவம்பரில் தீபாவளி, டிசம்பரில் ஸ்வெட்டர், ஜனவரியில் பொங்கல். எதுவும் திடீர்ச் செலவு அல்ல. எல்லாம் காலண்டரில் இருப்பதுதான்.

பள்ளிக்கு 48,000, ஊர்ப் பயணத்துக்கு 36,000, பண்டிகைக்கும் துணிக்கும் 24,000, இன்சூரன்ஸுக்கு 24,000, கூலர், கீஸர் ரிப்பேர், குளிர்காலத் துணிகளுக்கு 12,000 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,44,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,000. ஆக, இவர் சம்பளம் 80,000 அல்ல, 68,000தான். கல்லாவில் இருக்கும் பணமெல்லாம் லாபம் இல்லை என்று வியாபாரிக்குத் தெரியும். அதே பாடம்தான் இது. இந்த 12,000 சம்பளத் தேதி அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கை மொபைல் யூ.பி.ஐ.யோடு இணைக்காதீர்கள். நவீன காலத்துக் குதிர் அதுதான்.

ஊர்ப் பயணத்தில் இன்னொரு நுணுக்கம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் தொடங்குகிறது. மே மாசம் கிராண்ட் டிரங்கிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ போக வேண்டுமானால் டிக்கெட் பணம் மார்ச்சிலேயே கையில் இருக்க வேண்டும்.

மீதி 68,000. இதில் விதைநெல்லாக 10,000 சேமிப்பு, பி.பி.எஃப்., அஞ்சலகம், வங்கி, எதுவானாலும் சரி. ஊரில் உள்ள பெற்றோருக்கும் தானத்துக்கும் 4,000. வாடகை 20,000. மீதி 34,000. பால், மளிகை, காய்கறிக்கு 15,000, கரண்ட், காஸ், போனுக்கு 5,000, போக்குவரத்துக்கு 5,000, மருந்துக்கு 3,000. ஆக 28,000. கடைசியில் நிற்பது 6,000. ஹோட்டல், சினிமா, ஆன்லைனில் வாங்குவது எல்லாம் இந்த ஆறாயிரத்துக்குள். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் வருஷச் செலவின் பங்கு, பிறகு விதைநெல், பிறகு கொடுக்க வேண்டியது, கடைசியில் விருப்பம். நம் வீடுகளில் விருப்பம் முதலிலும் சேமிப்பு கடைசியிலும் நிற்கிறது. கடைசியில் நிற்பவருக்கு எந்தப் பந்தியிலும் பாயசம் மிஞ்சாது.

நிற்க வைப்பது எப்படி?

போடுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம். பழைய நூலார் இதை நன்றாக அறிந்தவர்கள். அதனால் விரதத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஆயுள் முழுவதும் விடுவது யமம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விடுவது நியமம். இன்றைக்கு, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரண்டு மாதம் கொண்ட ஒரு ருது, ஆறு மாதம் கொண்ட ஓர் அயனம் என்று நியமத்துக்குக் கால அளவும் சொல்லியிருக்கிறார்கள்.

"இனிமேல் வாழ்நாளில் வெளியில் சாப்பிடவே மாட்டேன்" என்று சபதம் போடுகிறவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஹோட்டலில் உட்கார்ந்திருப்பார். "இந்த மாசம் இரண்டு தடவைதான்" என்று சொல்பவரால் முடியும். மாசம் முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம். பட்ஜெட் பெரும்பாலும் நியமமாக இருக்கட்டும். ஒன்றிரண்டை மட்டும் யமமாக வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனை: தீர்ந்துபோகும் பொருளுக்குக் கடன் வாங்குவதில்லை, கிரெடிட் கார்டில் பாக்கி வைப்பதில்லை.

அளவு ஓர் எண்ணாகத் தெரிந்தால் மனிதர்கள் மாறுகிறார்கள் என்பதற்குத் தில்லியிலேயே சாட்சி உண்டு. 2019 ஆகஸ்டில் மின்கட்டண மானியம் வந்தபோது, 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 400 வரை 800 ரூபாய்க்கு மிகாமல் பாதி மானியம். 400-ஐத் தாண்டினால் மானியமே இல்லை என்று வைத்தார்கள். அதுவரை மீட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆட்கள் மாடிப்படிக்குக் கீழே குனிந்து ரீடிங் பார்க்க ஆரம்பித்தார்கள். "சிக்கனமாக இருங்கள்" என்று ஆயிரம் முறை சொல்லி நடக்காததை ஓர் எண் நடத்திக் காட்டியது. "ஹோட்டல் செலவைக் குறைக்கணும்" என்பது உபதேசம். "ஹோட்டலுக்கு 2,000" என்பது பட்ஜெட்.

மீறல் எப்படி நிகழ்கிறது என்பதையும் சமண ஆசிரியர்கள் நான்கு படியாகச் சொல்கிறார்கள். மனதில் எண்ணம் தளர்வது அதிக்கிரமம். வேலியைத் தாண்டுவது வியதிக்கிரமம். கொஞ்சம் தொட்டுப் பார்ப்பது அதிசாரம். முழுதாக விழுந்துவிடுவது அனாசாரம். மொபைலில் சும்மா பார்ப்பது முதல் படி, கூடையில் போட்டு வைப்பது இரண்டாம் படி, "சின்னது ஒண்ணு மட்டும்" என்று வாங்குவது மூன்றாம் படி, "பட்ஜெட்தான் உடைஞ்சுபோச்சே, இனி என்ன" என்று அள்ளுவது நான்காம் படி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் பெரும்பாலான பட்ஜெட்டுகள் சாகின்றன. அதிசாரம் நேர்ந்தால் விரதம் முடிந்துவிடவில்லை. நடந்ததைத் திரும்பிப் பார்த்து, சரிசெய்துகொண்டு, விரதத்தைத் தொடர்வதற்குப் பிரதிக்கிரமணம் என்று தனி வழியே உண்டு. ஆயிரம் ரூபாய் கூடப் போய்விட்டதா? அடுத்த மாச விருப்பச் செலவில் ஆயிரத்தைக் குறையுங்கள். விதைநெல்லைத் தொடாதீர்கள்.

பொருளுக்கு அளவு வைத்தவன் செய்யக்கூடிய ஐந்து பிழைகளையும் சமந்தபத்திரர் எண்ணிக் காட்டுகிறார். சக்திக்கு மேல் மாட்டை ஓட்டுவது, தேவைக்கு மேல் சேர்த்து வைப்பது, பிறர் அடைந்ததைப் பார்த்து வியந்து வாய் பிளப்பது, கிடைத்தது போதாமல் ஆசைப்படுவது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது. இன்றைக்கு அந்த மாடு நாமேதான். வீட்டுக்கடன், கார்கடன், மொபைலுக்குக்கூட மாதத் தவணை என்று நாமே நம் முதுகில் ஏற்றிக்கொள்கிறோம். ஐந்திலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது, அந்த வியப்பு. அது பாவம் போலவே தெரியாது. "அவங்க வீட்டுக் கல்யாணம் பார்த்தீங்களா? எப்பேர்ப்பட்ட ஹால்!" என்று வெள்ளை மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த வியப்புதான் அடுத்த வருஷம் நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடனாக வந்து நிற்கிறது.

இன்னொன்று: விரதத்தைத் தனியே முணுமுணுப்பதில்லை; பெரியவர் முன்னிலையில், நாலு பேர் அறியச் சொல்லி ஏற்பது வழக்கம். வீட்டு பட்ஜெட்டும் அப்படித்தான். கணவன் மட்டும் போட்டு மனைவியிடம் நீட்டினால் அது உத்தரவு. அம்மா மட்டும் இழுத்துப் பிடித்தால் அவளுக்குக் கெட்ட பெயர். மாத முதல் ஞாயிறு காலை அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து, எண்ணைச் சொல்லி, ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் கூட இருக்கட்டும். "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்வதைவிட, "இந்த மாச எண்ணுக்குள் இல்லை, அடுத்த மாசம் சேர்க்கலாமா?" என்பது பிள்ளைக்குப் புரியும், மரியாதையாகவும் இருக்கும்.

கஞ்சத்தனம் அல்ல

இதெல்லாம் கருமித்தனத்துக்கு வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். திருக்குறளில் வலியறிதல் என்ற 48-ஆம் அதிகாரம் அரசனின் படைபலத்தைப் பேசத் தொடங்கி, கடைசி நான்கு குறளில் வருமானமும் ஈகையும் என்று முடிகிறது. வரவு சிறிதானாலும் கேடில்லை, செலவு அதைவிட விரியாமல் இருந்தால் போதும் என்கிறார் வள்ளுவர். கொடு, ஆனால் உன் அளவறிந்து கொடு என்றும் அங்கேயே சொல்கிறார். எங்கள் மரபிலும் அன்னம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்ற நான்கு தானங்கள் இல்லறத்தான் கடமை. அளவு வைக்காதவனால் கொடுக்க முடியாது. அவனுக்கு எப்போதும் பற்றாக்குறைதான். ஆசைக்கு அளவு வைத்தவன் கையில்தான் மிச்சம் இருக்கும். மிச்சம் இருக்கும் கைதான் நீளும்.

ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, குளிரையும் அனலையும் பொறுத்து நாம் சம்பாதிக்கும் பணம் இது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு காகிதம் எடுங்கள். வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களை எழுதி, எந்த மாதம் எந்தப் பெரிய செலவு என்று வீட்டாரோடு சேர்ந்து குறியுங்கள். மற்றதையெல்லாம் ஒன்றாம் தேதி பார்த்துக்கொள்ளலாம்.